செங்கல் வைத்த இரண்டு கட்டில்கள்

ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபதுகளில், ஆஸ்பத்திரியின் பெண்கள் வாட்டில் இரண்டு கட்டில்களைத்தான் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். ஒன்று என்னுடையது. மற்றதில், சேற்றுப்புண் காய்ந்த பாதங்களோடு, நெளுக்குளத்து வயல்காரப் பெண் ஒருவர். இருவருக்கும் இறங்கிவிட்ட கர்ப்பப்பையை ஏற்றித் தைத்த ஒப்பரேஷன். பக்கத்தில் யார் நின்றாலும் கூச்சப்படாமல், சிரிக்கும்போது தையல் நோகாதபடி அடிவயிற்றைப் பொத்திக்கொள்வார் அவர்.

என்னைப் பார்க்க வந்த மாமி, என் கணவரின் தாய், செங்கல்லைக் கவனித்துவிட்டார்.

"கர்ப்பப்பை இறங்கினாக்களுக்கல்லோ பிள்ளை, இப்பிடி வைக்கிறவை?"

"எனக்கு வயித்திலை கட்டி, மாமி. அவாக்குத்தான் அந்த வருத்தம்," என்று பக்கத்துக் கட்டிலைக் காட்டினேன்.

"ஓம், எனக்குத்தான்," என்றார் அவர். "இவவுக்கு வெறுங் கட்டி."

மாமி போனதும் பக்கத்துக் கட்டில் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பினேன்.

"பிள்ளை, பாரம் தூக்கினால் தையல் விட்டிடும். என்னை வீட்டிலை தூக்க விடமாட்டினம். உங்கடை வீட்டிலை ஒருத்தருக்கும் தெரியாதே, என்ன செய்யப் போறியள்?"



வீடு வந்த நாலாம் நாள் மாமி தண்ணீர்க் குடத்தைக் காட்டினார். தூக்கி இடுப்பில் வைத்தபோது மற்றக் கை தானாக அடிவயிற்றைப் பொத்தியது. மாமி பார்க்கிறாரோ என்று உடனே கையை எடுத்துவிட்டேன்.