படுத்துப் பார்த்துத் தைத்த சட்டை

போன வருஷத்துக்கு முந்தின பங்குனியில் என் வீட்டுக்காரர் விழுந்தார். இன்றுவரை எழுந்திருக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாயார் கண் திறந்தாள், அவர் கட்டிலை விட்டு இறங்கி நடந்தார் என்று கடைசியில் சொல்வேன் என யாரும் காத்திருக்க வேண்டாம். அவர் நடக்கவில்லை. ஆனாலும் என் வேண்டுதலுக்குப் பதில் கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் தாயாரை நம்பி வருகிற உங்களிடம் அதைச் சொல்லாமல் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்களுக்குச் செட்டியார்பட்டி. இவர் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, ஒரு மில்லில் செக்யூரிட்டியாக இருந்தார். வேலை முடிந்து பைக்கில் வரும்போது, லைட் போடாமல் ரோட்டில் நின்ற டிராக்டரில் மோதிவிட்டார். முதுகுத்தண்டில் அடி. மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது, வலி மட்டும் போகவில்லை. காலைத் தூக்க முடியாது, ஆனால் எறும்பு கடித்தால் தெரியும். டாக்டர் அதை நல்ல அறிகுறி என்றார். இவருக்கு அது நரகமாக இருந்தது.

நான் அப்போது ராஜபாளையத்தில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தேன். எனக்குக் கைவேலை நிறையத் தெரியும். பிளவுஸில் ஆரி ஒர்க் போடுவேன், கேக் செய்வேன், மருதாணி வைப்பேன், சீர்த்தட்டு அலங்கரிப்பேன், பட்டுநூல் வளையல் சுற்றுவேன், கண்ணாடியில் சாமி படம் வரைவேன். எதைப் பார்த்தாலும் கை துறுதுறுவென்று வரும். கற்றுக்கொண்டதும் போர்டில் ஒரு வரி சேர்த்துவிடுவேன். எதிரே துணிக்கடை வைத்திருக்கும் காதர் பாய் என்னைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பார். "தங்கச்சி, உன் போர்டை வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள பஸ்ஸு போயிருதும்மா. எதுக்கு வந்தோம்னு சனம் மறந்து போகுது" என்பார். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது எனக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் ஒன்றை விடச் சொன்னால் விரலை வெட்டச் சொன்ன மாதிரி இருக்கும்.

இவர் படுத்த பிறகு கடைக்குப் போக முடியவில்லை. புரட்டிப் படுக்க வைக்க, துடைக்க, டியூப்பைப் பார்க்க, எல்லாவற்றுக்கும் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அத்தைக்கு, அதாவது இவருடைய அம்மாவுக்கு, தனியாக அவரைப் புரட்டத் தெம்பில்லை. சரி, வீட்டிலிருந்தே செய்வோம் என்று எல்லாச் சாமானையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஏதாவது ஒன்று பிடித்துக்கொள்ளாதா என்று நினைத்தேன்.

ஒன்றும் பிடிக்கவில்லை. படுக்கைப்புண் வாடையும் பினாயில் வாடையும் அடிக்கிற வீட்டிலிருந்து பிறந்தநாள் கேக் வாங்க யாருக்கு மனசு வரும்? கல்யாணப் பெண்ணுக்கு மருதாணி வைக்கப் பேசியிருந்தவர்கள், மாப்பிள்ளை வீட்டில் வேறு ஆள் சொல்லிவிட்டார்கள் என்று போன் போட்டார்கள். சீர்த்தட்டுக்குச் சொல்லியிருந்த அம்மாள் வாசல்வரை வந்து, கட்டிலைப் பார்த்து, அப்படியே திரும்பிப் போனார். அவர்கள் மேல் கோபமில்லை. சுப காரியத்துக்கு எந்த வீட்டுக் கையைக் கூப்பிடுவது என்று நானும்தான் ஒரு காலத்தில் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த தொழில் அத்தனையும் நல்ல காரியத் தொழில். எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்தது கெட்ட காரியம். பென்ஷன் பணம் மருந்தோடு முடிந்துவிடும். சமையலுக்கு அத்தையின் தம்பி வீட்டிலிருந்து அரிசி வந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று அதை ஒவ்வொரு தடவையும் அளந்து குறித்துவைத்துக்கொண்டுதான் உலையில் போடுவேன்.

இவருக்கு வேறொரு கஷ்டம். பட்டாளத்தில் இருந்தவர், கைலியைக்கூட இஸ்திரி போட்டுக் கட்டுகிறவர். இப்போது சட்டை போட வேண்டுமென்றால் இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க வேண்டும், தூக்கினால் அலறுவார். அதனால் மேலே ஒன்றும் போடாமல் ஒரு போர்வையை மூடிவிட்டிருந்தோம். கூட வேலை பார்த்தவர்கள் பார்க்க வந்தால், தூங்குகிறார் என்று சொல்லி அனுப்பச் சொல்வார். ஒரு நாள் இரண்டு பேர் என்னைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்கள். போர்வை விலகிக் கிடந்தது. அவர்கள் போன பிறகு இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து சாப்பாடு குறைந்தது. அப்புறம் கஞ்சியும் வேண்டாம் என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனோம். உடம்பில் புதுசாக ஒன்றுமில்லை, மனசை விட்டுவிட்டார், இப்படியே போனால் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. பெட்டியில் கிடந்த புது வெள்ளை மல்துணியை எடுத்து, அவரைத் தூக்காமலே போடுகிற மாதிரி ஒரு சட்டை தைத்தேன். இரண்டு பக்கமும் திறந்திருக்கும். முன்பாகம், பின்பாகம் என்று தனித்தனியாக வைத்து, விலாவில் நாடாவால் முடிந்துவிடலாம். பின்பாகத்தை மட்டும் நடுவில் இணைத்துத் தைத்திருந்தேன். மெஷினிலிருந்து எடுத்த கையோடு கொண்டுபோய் அவர் மேல் வைத்தேன். அளவு சரியாக இருந்தது. எனக்குச் சந்தோஷம்.

பின்னாலிருந்து அத்தை பார்த்துவிட்டார்.

"ஏட்டி, பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கையில எம்மவனுக்குக் கோடி தைச்சிட்டியா?"

எங்கள் பக்கம் படுக்கையில் கிடக்கிறவர்களுக்குப் புதுசு எடுக்க மாட்டார்கள். பழையதைத்தான் கிழித்துக் கட்டுவார்கள். புது வெள்ளைத்துணியை, நனைக்காமல், பித்தான் இல்லாமல், மேலே போட்டு முடிவது கடைசிக் குளிப்பாட்டலுக்குப் பிறகுதான். அதுதான் கோடி. எனக்கு அது தெரியாதா? தைக்கிற வேகத்தில் ஒரு மஞ்சள் தொட்டு வைக்கக்கூடத் தோன்றவில்லை. அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டு தெருக்குழாயடியில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் சட்டையை எடுக்கப் போனேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும், முடிஞ்சு விடு. எப்படியும் வேணும்ல."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் கோபமில்லை. அதுதான் என்னைக் கொன்றது. நாடாவை முடியாமலே சட்டையை எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் அதற்கு மஞ்சள் வைத்து அத்தையிடம் நீட்டினேன். அவர் கையால்கூடத் தொடவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். குளித்த தலையை உலர்த்தக்கூட இல்லை. தாயார் முன்னால் நின்று நான் கும்பிடவில்லை, சண்டைதான் போட்டேன். ஏன் எனக்கு இத்தனையைக் கற்றுக்கொடுத்தாய்? ஒன்று கொடுத்திருந்தால் அதைப் பிடித்துப் பிழைத்திருப்பேனே? எதை வைக்கட்டும், எதை விடட்டும், அதை மட்டும் சொல், இவர் பட்டினி கிடந்து சாகிறதற்குள் சொல் என்று கேட்டேன். அழுகை வரவில்லை.

அப்போது முதல் நாள் தாயார் சூடியிருந்த மாலையைப் பெருமாள் சந்நிதிக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். உங்கள் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். சின்ன வயசிலிருந்து நான் பார்க்கிற காட்சி. அவள் போட்டுக் களைந்ததைத்தான் அவர் வாங்கிக்கொள்வார், புதுசாகக் கட்டியதைக் கேட்க மாட்டார் என்று கைகூப்பிச் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். அன்றைக்கு மட்டும் நின்று உற்றுப் பார்த்தேன். அந்த மாலை ஓரத்தில் வாடியிருந்தது. ஒருத்தி உடம்பில் ஒரு பொழுது கிடந்த மாலை. அதன்பிறகு அது வெறும் பூ இல்லை. பிரசாதம் வாங்கக்கூட நிற்காமல் பஸ் ஏறினேன். யாரும் என் காதில் எதுவும் சொல்லவில்லை. ஆனால் தாயார் சொன்னாள் என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அலசிக் காயவைத்தேன். காய்ந்ததும் சேலைக்கு மேலே நானே போட்டு நாடாவை முடிந்துகொண்டேன். அதோடு சோறு வடித்தேன், குழம்பு வைத்தேன், தண்ணீர் பிடித்தேன். தெருவில் இரண்டு பேர் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உயிரோடிருக்கிறவள் உடுத்தி, வேர்வை பட்ட துணி எப்படிக் கோடியாகும்? அவருக்கு அது புரிந்தது.

மத்தியானம் அசதியாக இருந்தது. அப்படியே இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்தேன். படுத்த கொஞ்ச நேரத்தில் முதுகில் என்னவோ உறுத்தியது. புரண்டேன், விலாவில் நாடா முடிச்சு குத்தியது. மேலேயிருந்து இவர் பார்த்துக்கொண்டிருந்தார். பல நாளாகச் சுவரைப் பார்த்துக் கிடந்தவர் அன்றைக்கு என் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார்.

"எங்கன குத்துது?" என்றார்.

"நடு முதுகுல. தையல் மடிப்பு."

"எனக்கும் அங்கனதான். எந்தத் துணியைப் போட்டாலும் அங்கன குத்தும்."

"இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ என்ன செய்வ?"

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே எழுந்து பிளேடை எடுத்து அந்தத் தையலைப் பிரித்தேன். முதுகில் ஒரு தையலும் வராத மாதிரி முழுத்துணியாக வெட்டி, மடிப்பை வெளிப்பக்கம் திருப்பி, முடிச்சை மார்புக்குக் கொண்டுவந்தேன். மறுபடி நனைத்துக் காயவைத்து, போட்டு, படுத்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் தைத்திருக்கிறேன். நிற்க வைத்து அளவெடுப்போம், நிற்க வைத்தே போட்டுப் பார்ப்போம். படுத்துக் கிடக்கிற உடம்புக்கு அளவே வேறு என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அவருக்கு அதைப் போட்டுவிட்டோம். அலறவில்லை. விளக்கு வைத்ததும் கஞ்சி கேட்டார். அத்தைதான் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

அடுத்த வாரம் காதர் பாய் இவரைப் பார்க்க வந்தார். உள்ளே வரச் சொல்லு என்று இவர் சொன்னதே எனக்கு அதிசயம். பாய் பேசிக்கொண்டே சட்டையைப் பார்த்தார். நாடாவைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய அம்மா பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோய்ப் படுக்கையில் இருந்தார்கள். நைட்டியை மாட்டும்போதெல்லாம் கை சுளுக்கி அழுவார்களாம். "எங்கம்மாவுக்கு இது மாதிரி ஒண்ணு தைச்சுத் தாம்மா. வெள்ளையில மட்டும் வேண்டாம்" என்றார். அவர்களுக்கும் வெள்ளை அதற்குத்தான். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறவர்களிடம் பூப்போட்ட காட்டன் துணி வாங்கிவந்து தைத்துக் கொடுத்தேன். பாய் அதைப் பத்துப் பேரிடம் சொன்னார். போர்டைக் கிண்டல் செய்த அதே வாய்தான் எனக்கு விளம்பரம் செய்தது.

இப்போது எங்கள் வீட்டிலிருந்து படுக்கையில் இருப்பவர்களுக்கான உடுப்பு மட்டும்தான் போகிறது. வேறு எதுவும் செய்வதில்லை. அதுவரை பூட்டிக் கிடந்த கடையை ஒரேயடியாகக் காலி செய்த அன்று அந்தப் போர்டைக் கழற்றும்போது மனசு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆரி ஒர்க் போடுகிற கட்டைச் சட்டத்தைப் பக்கத்துத் தெருப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, திரும்பப் போய்க் கேட்டுவிடலாமா என்று பாதி வழியில் நின்றேன். இன்றைக்கும் யாராவது கேக் வெட்டினால் கிரீமைப் பார்ப்பேன், அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். தாயார் ஒன்றைக் கொடுக்கும்போது மற்றதையெல்லாம் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வாங்கியதும் அவள் அருள்தான் என்று புரிய எனக்கு நாளானது.

இந்தத் தொழிலில் சிரிப்பு குறைவு. இரண்டு உருப்படிக்குச் சொல்லியிருப்பார்கள். ஒன்று போனதும் போன் வரும். "அக்கா, அடுத்தது வேண்டாம்" என்பார்கள். ஏன் என்று நான் கேட்பதில்லை. தைத்துவைத்ததை மடித்து, வேறு யாருக்காவது ஆகும் என்று எடுத்துவைப்பேன். பாயின் அம்மாவும் போய்விட்டார்கள். வாரத்துக்கு ஒன்றாவது இப்படி வருகிறது. அன்றைக்கு மெஷினில் உட்கார மனசு வராது. தாயார் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, பிறகு உட்காருவேன்.

தைப்பதெல்லாம் ஒரு தடவை நனைந்து காய்ந்த பிறகுதான் வெளியே போகும். புது மாதிரி வெட்டினால் முதலில் இவர் போட்டுப் பார்ப்பார். அரை நாள் அதோடு படுத்திருந்து, எங்கே இழுக்கிறது, எங்கே சுருள்கிறது என்று சொல்வார். அவர் சரி என்று சொல்லாமல் எந்த மாதிரியையும் நான் விற்றதில்லை. நடக்கிறவர்கள் யாரும் அந்த வேலையைச் செய்ய முடியாது.

அன்பானவர்களே, உங்களில் யாராவது ஒரு வழியும் தெரியாமல் நின்றால், தாயாரிடம் போய் உங்களுக்கு வேண்டியதைச் சண்டை போட்டாவது கேளுங்கள். கேட்டது கிடைக்காமல் போகலாம். இவர் நடக்க வேண்டும் என்றும் நான் எத்தனையோ நாள் கேட்டேன், அது கிடைக்கவில்லை. ஆனால் அவள் பேசாமல் இருக்கமாட்டாள். நீங்கள் தினம் பார்க்கிற ஒன்றைத்தான் காட்டுவாள், பார்த்துக்கொண்டே இருங்கள்.

போன வாரம் நான் அடுப்படியில் இருந்தேன். போன் அடித்தது. யார் வந்தாலும் தூங்குகிறேன் என்று சொல்லச் சொன்ன மனுஷன், தானே எடுத்தார். சுந்தரபாண்டியத்திலிருந்து யாரோ ஒரு பெண், தன் அப்பாவுக்காகக் கேட்டார் போலிருக்கிறது. நான் கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றேன். இவர் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா, நான்தான். நானும் படுத்துட்டுத்தான் பேசுதேன். அழாதீங்க. செத்த நேரம் நிதானமாச் சொல்லுங்க. அவிய எந்தப் பக்கமாப் படுப்பாவ?"