பேத்தி தூங்க ஒரு சைலன்சர்

என் பேத்தி நிவேதா நேற்று குப்புற விழுந்தாள். பிறந்து நூற்றுப் பத்தாவது நாள். ஓசூரிலிருந்து என் மகள் அனுபமா வீடியோவில் காட்டினாள். விழுந்துவிட்டுத் தலையைத் தூக்கி, எதையோ சாதித்துவிட்ட மாதிரி ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், எனக்கு ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு ரோட்டில் இறங்கி ஆடலாம்போல இருந்தது. ஸ்டாண்டில் இருந்த எல்லோருக்கும் டீ சொன்னேன்.

அவளுக்கு இன்னொரு தாத்தாவும் இருக்கிறார். செங்கம் ரோட்டில் சைலன்சர் கடை வைத்திருக்கும் தரணேந்திரன். என் சம்பந்தி. குப்புற விழுந்த செய்தியை அவருக்கு நான்தான் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, "எந்தப் பக்கமா விழுந்தா? எடப்பக்கமா, வலப்பக்கமா?" என்றார். நான் கவனிக்கவில்லை. அதுகூடத் தெரியாமல் வந்துவிட்டேனே என்று இருந்தது.

தரணேந்திரனுக்கு ஐம்பத்தொன்பது வயது. எங்களைப் போலவே நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். பழைய சைலன்சர் எது வந்தாலும் உடனே கேஸ் பற்றவைக்க மாட்டார். முதலில் கவிழ்த்து மெல்லத் தட்டுவார். பிறகு வெயிலில் ஒரு மணி நேரம் சாய்த்து வைப்பார். உள்ளே எறும்போ பூச்சியோ இருந்தால் தானாக வெளியே போய்விடும். அதற்கப்புறம்தான் நெருப்பு. அவசரக்காரர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். ஆனால் வேலை தெரிந்தவர்கள் பெங்களூரிலிருந்துகூட வண்டியை ஓட்டிக்கொண்டு வருவார்கள்.

அவருக்கு ஒரே மகன், ஜினேஷ். என் மாப்பிள்ளை. ஓசூரில் எஞ்சினியர். அப்பாவும் மகனும் மூன்று வருஷமாகச் சரியாகப் பேசுவதில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். ஜினேஷின் அம்மா ஒரு நாள் மதியம் நெஞ்சு வலிக்கிறது என்று மகனுக்குத்தான் போன் செய்திருக்கிறார். மகன் ஓசூரிலிருந்து கடைக்குப் போன் செய்து, உடனே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்றான். கடையில் ஒரு வேன் பாதி வெல்டிங்கில் தொங்கிக்கொண்டிருந்தது. "இதோ, இத முடிச்சிட்டு கெளம்பறேன்" என்றார் தரணேந்திரன். அந்த அம்மாவுக்கு அடிக்கடி வாயுத் தொல்லை உண்டு, அதுதான் என்று நினைத்துவிட்டார். அவர் வீட்டுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. அந்த அம்மா பிழைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அந்த வார்த்தை ஜினேஷுக்குள் அப்படியே தங்கிவிட்டது.

மகன் கல்யாணத்துக்குத் தரணேந்திரன் முறைக்கு வந்து நின்றார். பேத்தி பிறந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். கையில் கறை போகவில்லை என்று குழந்தையைத் தூக்கவில்லை. சுட்டு விரலைத் திருப்பி, நகத்துப் பக்கத்தால் பாதத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

ஜினேஷிடம் சிவப்பாக ஒரு டர்போ கார் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. வேகமாகப் போகும். அதைவிட வேகமாகச் சத்தம் வரும். யாரோ மாட்டிவிட்ட மலிவான சைலன்சர். எங்கள் தெருமுனையில் கார் திரும்பும்போதே குழந்தை கையைக் காலை உதறிக்கொண்டு வீறிடும். பிரசவத்துக்கு வந்து என் வீட்டில் இருந்த அனுபமா ஒரு நாள் சொன்னாள்: "இந்தியாவுலயே நல்லா சைலன்சர் கட்டறவரு உங்க அப்பா. நீங்க என்னடான்னா ஊரெல்லாம் கடை தேடறீங்க."

ஜினேஷ் இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் காரைக் கடையில் கொண்டுபோய் நிறுத்தினான். நானும் கூட இருந்தேன்.

"டூயல் எக்ஸாஸ்ட் வேணும்ப்பா. ரெண்டு பக்கமும் குழாய். வண்டி இழுவை குறையக் கூடாது. ஆனா உள்ள பாப்பா தூங்கணும்."

"எப்ப வேணும்?"

"நாப்பத்தஞ்சாம் நாள் பாப்பாவ ஜினாலயத்துக்குத் தூக்கிட்டுப் போறோம். அதுக்குள்ள." கொஞ்சம் நிறுத்தி, காரின் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "வண்டி ரெடியாச்சுன்னா நீங்களும் அதுலயே வாங்க. பாப்பாவ நீங்க மடியில வச்சுக்கலாம்."

எங்கள் சமண வழக்கத்தில் அன்றுதான் கோயிலில் குழந்தையின் காதில் பஞ்ச நமஸ்கார மந்திரம் சொல்வார்கள். மடியில் வைத்துக்கொண்டிருப்பவருக்கு அது பெரிய பாக்கியம். தரணேந்திரன் தலையை மட்டும் ஆட்டினார். மகன் போனதும் ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

பதினைந்து நாள் இருந்தது. வேறு வேலை எதுவும் எடுக்கவில்லை. சவாரி இல்லாத நேரமெல்லாம் நான் அங்கேதான் இருந்தேன். காரை மேலே தூக்கி நிறுத்திவிட்டு, அடியில் படுத்து, தடித்த கம்பி ஒன்றை வளைத்து வளைத்துப் பார்ப்பார். எந்த வழியாகக் குழாய் போகலாம் என்று கம்பி சொல்லும். பிறகு அதைத் தரையில் வைத்துச் சாக்பீஸால் வரைவார். ஒரு பக்கம் பெட்ரோல் டேங்க். நடுவில் ஸ்டெப்னி டயர் உட்காரும் பள்ளம். இடப்பக்கக் குழாய் நேராகப் போய்விடும். வலப்பக்கக் குழாய் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

"அப்ப எடது பக்கம் குட்டையாதான வரும், சம்பந்தி?"

"வுடக் கூடாது. ரெண்டும் ஒரே நீளம் இருக்கணும். இல்லன்னா ரெண்டு பேர் ஒரே பாட்ட ஒருத்தன் முன்ன, ஒருத்தன் பின்ன பாடற மாதிரி இருக்கும்." இடதுக்கும் ஒரு வளைவு கொடுத்து நீளத்தைச் சமமாக்கினார். இரண்டு குழாய்க்கும் நடுவே குறுக்கே ஒரு சின்னக் குழாய் வைத்து இணைத்தார். "இது இவங்க ரெண்டு பேரையும் பேச வெக்கும்."

பக்கத்து டயர் கடை மண்ணாங்கட்டி எட்டிப் பார்த்து, "நயினாரே, அப்படியே உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒண்ணு வெச்சிடுங்க" என்றார். தரணேந்திரன் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த வாரத்தில்தான்.

கடைசியாக ஒன்று செய்தார். வலப்பக்கப் பெரிய குழாயின் மேல் கிளை மாதிரி ஒரு குழாயைப் பற்றவைத்தார். அதன் மறுமுனை அடைப்பு.

"இது எதுக்கு? புகைக்கு வெளிய வழியே இல்லியே?"

"புகைக்கு இல்ல, சத்தத்துக்கு. எண்பதுல போவசொல்ல உள்ள ஒரு ரீங்காரம் வரும். பெரியவங்களுக்குத் தெரியாது. புள்ளைக்கு மண்டையில ஏறும். அந்தச் சத்தம் இதுக்குள்ள பூந்து, முட்டிக்கினு திரும்பி வந்து, ரீங்காரத்த அமுக்கிடும்." பிறகு குழாயைத் துணியால் துடைத்துக்கொண்டே, "இது பாப்பாவுக்குன்னே" என்றார்.

பாப்பா பிறந்து முப்பத்தாறாம் நாள். இன்னும் வலப்பக்கச் சைலன்சர் டப்பாவைக் குழாயோடு சேர்த்துப் பற்றவைப்பது ஒன்றுதான் பாக்கி. மனைவியின் நினைவு நாள் என்று கிராமத்துக்குப் போனார். மூன்று நாள் கடை பூட்டியிருந்தது. திரும்பி வந்தவர் எனக்குப் போன் செய்தார். குரல் சரியில்லை.

போய்ப் பார்த்தேன். டார்ச் லைட்டைக் கையில் கொடுத்து, குழாய்க்குள் பார்க்கச் சொன்னார். அந்தக் கிளைக் குழாயின் வாயில் ஈர மண் பூசி மூடியிருந்தது. குளவி. அந்த மூன்று நாளில் கூடு கட்டி, முட்டையிட்டு, அடைத்துவிட்டுப் போயிருந்தது.

"பேத்து எடுத்துடலாமே?"

"உள்ள புழுவா இருக்கும். ஒடச்சா செத்துடும். பக்கத்துல டப்பாவப் பத்த வெச்சா சூட்டுலயே வெந்துடும்."

"வேற குழாய் செய்யுங்க."

"வளைவுக் குழாய் மெட்ராஸ்லேர்ந்து வரணும். சொல்லிட்டேன். ரெண்டு நாள்ல பார்சல் வரும்னாங்க."

பார்சல் வரவில்லை. நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. நான் தினம் போய் நின்றேன். அந்தக் கிளை இல்லாமல், பழைய இரும்புக் குழாயாவது போட்டு இப்போதைக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. "அது இல்லாம குடுத்தா, எதுக்காகச் செஞ்சேன்?" என்றார். மகனிடம் விஷயத்தைச் சொல்லுங்கள் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்களும் சொல்லாதீங்க சம்பந்தி. 'எறும்புக்கு இருக்கற நேரம் எங்களுக்கு இல்ல'ன்னு சின்ன வயசுலயே சொல்லுவான். இப்ப இத வேற கேட்டான்னா அவ்ளோதான்."

நான் சரி என்றேன். அவர் செய்தது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. நானும் அதே சாமியைக் கும்பிடுகிறவன்தானே.

நாற்பத்து நாலாம் நாள் மதியம் ஜினேஷ் பஸ்ஸில் வந்து இறங்கினான். நான்தான் ஆட்டோவில் கடைக்குக் கூட்டிப் போனேன். காரின் அடியில் குனிந்து பார்த்தான். இடப்பக்கம் பளபளவென்று தொங்கியது. வலப்பக்கம் வெறுமை.

"பாதிதானே இருக்கு?"

"அந்தப் பக்கம் கொஞ்சம் பாக்கிப்பா."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

தரணேந்திரன் என்னைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். "ஒரு... பதினஞ்சு, இருவது நாள்."

"நாளா?"

டயர் கடையிலிருந்து மண்ணாங்கட்டி, "பெத்த புள்ளைக்கே வாய்தாவா நயினாரே!" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஜினேஷின் முகம் சிவந்துவிட்டது.

"நாளைக்குப் பாப்பாவுக்கு விசேஷம்ப்பா. பதினஞ்சு நாள் முன்னாடி சொன்னேன். வேற எந்தக் கஸ்டமருக்குப் போட்டீங்க என் வேலைய?"

"வேற வேலையே எடுக்கலடா."

"அப்புறம் என்ன?"

 சொல்லிவிடட்டுமா என்று நான் பார்த்தேன். அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்த நிமிஷம் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடுவதில்லை.

"பழசையே மாட்டிக் குடுங்க" என்றான் ஜினேஷ்.

அவரே படுத்து, தான் செய்த இடப்பக்கத்தைக் கழற்றி, அந்த மலிவுச் சைலன்சரை மாட்டினார். ஜினேஷ் போனில் நேரம் பார்த்தான். "இருபது நிமிஷம். வேணும்னா முடியுதுல்ல உங்களுக்கு?" என்று சொல்லிவிட்டுக் காரைக் கிளப்பினான். ரோடெல்லாம் அதிர்ந்தது.

மறுநாள் சம்பந்திக்குச் சொல்லி வைத்திருந்த முன் சீட்டில் நான் உட்கார்ந்து போனேன். ஊர் போய்ச் சேரும்வரை குழந்தை அழுதாள். ஜினாலயத்தில் என் மடியில் வைத்துத்தான் காதில் மந்திரம் சொன்னார்கள். விசும்பிக்கொண்டே கேட்டாள். தரணேந்திரன் வரவில்லை. பஸ்ஸிலாவது வந்திருக்கலாமே என்று பிறகு கேட்டேன். "எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வர்றது?" என்றார்.

அறுபத்து மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது. "பறந்துடுச்சு சம்பந்தி. ரெண்டு." அன்று பகலிலேயே டப்பாவைப் பற்றவைத்து, இரண்டு பக்கமும் முடித்து, கடைச் சுவரில் ஜோடியாக மாட்டிவிட்டார். அந்த ஒரு காரைத் தவிர வேறு எதிலும் அது பொருந்தாது.

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. ஜினேஷுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். ஊர் போன மூன்று நாள், குளவி, வராத பார்சல், பாப்பாவுக்கென்று வைத்த அந்தக் கிளைக் குழாய், எல்லாம். முழுதும் கேட்டான். 

"மாப்ள?"

"கேக்கறேன் மாமா. குளவிக்கு இருபத்தஞ்சு நாள் காத்திருந்திருக்காரு." பிறகு சொன்னான்: "எங்கம்மாவுக்காக ஒரு வெல்டிங்க பாதியில விட்டுட்டு வர முடியல."

 

மறுநாள் கடைக்குப் போனேன். "இன்னா சொன்னான்?" என்றார். போன் செய்தேன் என்று நான் சொல்லவே இல்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்போல. "வேலை ஜாஸ்தியாம். அப்புறம் வந்து மாட்டிக்கறேன்னான்" என்றேன். "அப்படியா" என்று சொல்லிச் சுவரில் தொங்கியதை எடுத்துத் துடைத்தார்.

போன பௌர்ணமி அன்று அனுபமாவையும் குழந்தையையும் ஓசூருக்கு அழைத்துப் போக ஜினேஷ் வந்தான். கிரிவலக் கூட்டம் சேர்வதற்கு முன்னால் ஊரைத் தாண்டிவிடலாம் என்று மதியம் மூன்று மணிக்கே கிளம்பினோம். கொண்டுபோய் விட நானும் போனேன். பின் சீட்டில் நான், மடியில் நிவேதா. அதற்குள்ளேயே மலை சுற்றுபவர்கள் செங்கம் ரோடு முழுக்க நடந்துகொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் போலீஸ்காரர் தடுப்பைப் போட்டு வண்டிகளை நிறுத்தினார். நின்ற இடம் சைலன்சர் கடைக்கு நேர் எதிரே.

கார் நின்றபடி உறுமியது. குழந்தை வீறிட்டாள். ஜினேஷ் நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அனுபமா, "இறங்கி ஒரு வார்த்தை பேசிட்டு வாங்களேன்" என்றாள். அவன் ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

கடையில் கிரைண்டர் சத்தம் நின்றது. தரணேந்திரன் வெளியே வந்தார். அந்தச் சத்தத்தை ஆயிரம் வண்டியில் அடையாளம் கண்டுபிடிப்பார். காரின் முன்பக்கம் வரவில்லை. மகனைப் பார்க்கவில்லை. பின்பக்கம் போனார். கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். தலையைச் சாய்த்து ஒரு நிமிஷம் கேட்டார். தோளில் இருந்த துண்டைத் தண்ணீரில் நனைத்து எடுத்து வந்து, அந்த ஈரத் துண்டால் சூடான குழாயைப் பிடித்துக்கொண்டு, பாக்கெட்டிலிருந்து ஸ்பேனரை எடுத்துக் குனிந்தார். குழாயை இறுக்கும் கிளாம்ப் லூசாக ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. முறுக்கினார்.

சடசடவென்ற அந்த அதிர்வு மட்டும் நின்றது. உறுமல் இருந்தது. ஆனாலும் நிவேதாவின் அழுகை விக்கலாகக் குறைந்தது. ஜினேஷ் ரியர் வியூ கண்ணாடியைப் பார்த்தான். அதில் அவன் அப்பாவின் முதுகு மட்டும் தெரிந்திருக்கும்.

"மாப்ள" என்றேன்.

அவன் கை கதவுப் பிடிக்குப் போனது. நான் பார்த்தேன். அதே நேரம் போலீஸ்காரர் விசில் ஊதித் தடுப்பை இழுத்தார். பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது. கை கியருக்குத் திரும்பியது.

கார் நகர்ந்தது. நான் நிவேதாவைத் தோளில் போட்டுப் பின் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன். அவள் பார்த்தாளோ என்னவோ. அவர் ஒரு கையில் ஸ்பேனரும் மறு கையில் ஆவி பறக்கும் துண்டுமாக ரோட்டு நடுவிலேயே நின்றிருந்தார். வெறுங்காலோடு நடந்து வந்தவர்கள் அவரைச் சுற்றி விலகி விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள்.