பச்சை ஓலைக் குச்சு

உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு பெண்கள் காப்பகத்தில் சமையல் செய்கிறேன். எந்த ஊர், எந்தத் தெரு என்று எழுதக் கூடாது. அடித்தவர்கள் தேடிக்கொண்டு வருவார்கள். நாலு பேர் எதிரில் பேச எனக்கு வராது. அடுப்படிதான் எனக்குச் சரி.

ஐப்பசி மழையில் ஒருத்தி இடுப்பில் சின்னப் பையனோடு வந்தாள். புருஷன் அடித்ததில் ஒரு கண் மூடிக் கிடந்தது. அவள் ஓடி வந்த நேரத்தில் ஏழாவது படிக்கிற மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அவளை விட்டுவிட்டு வந்துவிட்டோமே என்று இவளுக்குச் சோறு இறங்கவில்லை. காப்பக மேடம் போலீசோடு போய்க் கேட்டார். அவன் பெண்ணைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "எங்கூடத்தான் இருப்பேன்னுது" என்றான். அதுவும் தலையை ஆட்டியதாம்.

தை மாதம் அவள் புருஷன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி அவளுக்குப் போன் செய்தாள். பெண் வயதுக்கு வந்துவிட்டது, தோட்டத்தில் ஓலைக் குச்சு கட்டித் தனியாக உட்கார வைத்திருக்கிறார்கள் என்றாள்.

தாய்க்காரி மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதாம்மா நேரம். குச்சுல கீற பொண்ணு மூஞ்சில ஆம்பள முழிக்கமாட்டான். தண்ணி ஊத்தற வரைக்கும் அந்தாளு பின்பக்கம் வரமாட்டான். இப்ப கேட்டாத்தான் அது வாயத் தொறக்கும்."

மேடமும் பெண் போலீசும் வாசலில் அவனிடம் பேசுவது, நான் உளுந்தங்களியோடு தோட்டத்துக்குப் போவது, பெண் வருகிறேன் என்றால் குழந்தைகள் நல அதிகாரியம்மா வந்து அதன் வாயால் கேட்டுக்கொள்வது என்று ஏற்பாடு. களி கொண்டுவருகிற பொம்பளையை யாரும் யாரென்று கேட்பதில்லை.

வேலி ஓரத்தில் பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். "இன்னாக்கா, பொண்ணு பாக்க வந்த மாப்ள மாரி நடுங்கிக்கினு வர்ற? களிய கொட்டிடப் போற."

குச்சுக்குள் பெண் தனித் தட்டு, தனி டம்ளரோடு குந்தியிருந்தது. "உங்கம்மா அனுப்புனாங்க. வர்றியா கண்ணு?" என்றேன்.

"எங்கம்மா உசுரோட கீதா? போலீசு வந்துட்டுப் போனப்பறம் ஏரில வுயுந்து செத்துப்பூட்சுன்னு நைனா சொல்லிச்சே."

"கீறாங்கம்மா. தம்பியும் கீறான்."

அழுதது. பிறகு மாட்டேன் என்று தலையை ஆட்டியது. "நான் வரல. தண்ணி ஊத்தாம குச்ச வுட்டுப் போனா தம்பிக்கு ஆவாதுன்னு அத்த சொல்லுச்சு."

வாசலில் அவன் கத்துவது கேட்டது. ஓலையில் செருகியிருந்த கருக்கரிவாள் கண்ணில் பட்டது. காற்றுக் கருப்பு அண்டாமலிருக்க, குச்சில் இருக்கிற பெண் ஒதுங்கப் போனாலும் கையில் இரும்பு இருக்க வேண்டும். அதை உருவி நீட்டினேன்.

"இத்த எடுத்துக்கினு வா. அங்க போயி நானே குச்சு கட்டறேன். அங்க தண்ணி ஊத்திக்கலாம். தம்பிக்கு ஒண்ணியும் ஆவாது."

அரிவாளை வாங்கிக்கொண்டது. அதிகாரியம்மா கேட்டதற்கு, "எங்கம்மாகிட்ட போறேன்" என்றது. வண்டியில் அரிவாளை மடியிலேயே வைத்திருந்தது. போலீசம்மா பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

காப்பகத்தில் சாமான் அறையின் மூலையில் ஓலை கட்டினேன். தாய்க்காரி ஓடி வந்தாள்.

"கிட்ட வராத" என்றது பெண்.

"தீட்டெல்லாம் எனக்கு இல்லடி."

"அன்னிக்கு இஸ்கோலாண்ட வந்து என்னியும் இட்டுக்கினு போயிருக்கலாம் இல்ல?"

அவள் அங்கேயே நின்றுவிட்டாள். அடி வாங்கி ரத்தத்தோடு ஓடியவள், எதிர்த்திசையில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போயிருப்பாள்? அவள் அதைச் சொல்லவில்லை.

தண்ணீர் ஊற்றுகிற நாளில் பெண் என்னைக் காட்டி, "இந்தம்மா ஊத்தட்டும்" என்றது. தாய்க்காரி மஞ்சள் கிண்ணத்தோடு கதவருகே நின்றாள். முதல் சொம்பு ஊற்றியதும் நனைந்த சட்டைக் கையைப் பெண் மேலே தள்ளிவிட்டுக்கொண்டது. முழங்கைக்கு மேல் பீடியால் சுட்ட புண்கள். எல்லாம் இன்னும் காயாதவை. தாய்க்காரி இங்கே வந்த பிறகு பட்டவை.

அவளும் பார்த்தாள். கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்தாள். குழைந்த பிறகும் குழைத்துக்கொண்டே இருந்தாள். நான் அடுத்த சொம்பை மொண்டேன்.