ஐந்து நிமிடத் தூரத்து ஆறு

போன வாரம் இந்த இடத்தில் நான் இல்லை. பக்கத்து ஊர் பகேரியாவிலிருந்து ஒரு வாசகர் போன் எடுத்து, உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டதா என்று விசாரித்தார். உடம்புக்கு ஒன்றும் இல்லை ஐயா. இங்கிலாந்துக்குப் போயிருந்தேன். லண்டனுக்கு அல்ல... லண்டனிலிருந்து இரண்டு ரயில், ஒரு பஸ் மாறிப் போகவேண்டிய ஓர் ஆற்றங்கரைக் கிராமத்துக்கு.

கேட்கவே நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆறு, கல் பாலம், வாத்துகள், செம்மறி மேயும் புல்வெளி — அசல் கலண்டர்ப் படம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். திரும்பி வந்து ஐந்து நாளாகிறது. மனம் இன்னும் சரிக்கு வரவில்லை. ஆகவே இந்த வாரம் சிரிப்புக்கு உத்தரவாதம் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அங்கே இருப்பது என் தங்கை வசந்தி. இங்கே இத்தாலியில், நம் பலெர்மோவில் பத்தொன்பது வருஷம் ஒரே சின்யோராவின் வீட்டைத் துடைத்து, சமைத்து, கடைசிக் காலத்தில் அந்த அம்மாவைத் தூக்கி இருத்திப் பார்த்தவள். ஏழு வருஷத்துக்கு முன் கணவனோடும் மகளோடும் இங்கிலாந்துக்குப் போனாள். அந்தக் கிராமத்தில் இருக்கிற ஒரே கடையைக் குத்தகைக்கு எடுத்தார்கள். பால், பாண், பத்திரிகை, தபால்தலை, நாய்ச் சாப்பாடு... எல்லாம் இருக்கிற கடை.

அவர்களைப் போகச் சொன்னது யார்? நான்தான்.

வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. இதே பத்தியில் எழுதினேன். கையில் இத்தாலியக் கடவுச்சீட்டு இருக்கிறது, இங்கிலாந்துக்காரர் ஐரோப்பாவை விட்டு விலகிக் கதவைப் பூட்டப் போகிறார்கள், அதற்குள் போய்ச் சேருங்கள் என்று எழுதினேன். இங்கே இருந்தால் நாமும் நிலம் துடைப்போம், நம் பிள்ளைகளும் நிலம் துடைப்பார்கள், இங்கிலிஷ்தான் விடிவு என்றும் எழுதினேன். அந்தப் பத்திக்குக் கிடைத்த வரவேற்பு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கோயில் வாசலில் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அதை வெட்டிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு பிளேன் ஏறிய குடும்பங்களும் உண்டு. எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று.

வசந்தியின் கணவர், என் மச்சான், இரண்டு வருஷத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். கடைக்குச் சாமான் எடுக்கப் போன இடத்தில், வான் வண்டிக்குள் இருந்தபடியே. செத்தவீடு லண்டனில் நடந்தது. நான் மூன்று நாள் நின்றுவிட்டு ஓடிவந்துவிட்டேன், கிராமத்துப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. மகளுக்கு மான்செஸ்டரில் வேலை. ஆக, வசந்தி தனி. காலை ஆறு மணிக்குக் கடை திறக்கிறாள், இரவு எட்டுக்குப் பூட்டி மேல்மாடிக்கு ஏறிப் படுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையும் அதே கதைதான்.

இப்போது குத்தகை முடிகிறது. புதுப்பித்தால் இன்னும் பத்து வருஷம். திங்கட்கிழமைக்குள் ஒப்பம் வைக்கவேண்டும் என்று வக்கீல் பத்திரத்தை அனுப்பிவிட்டார். வசந்தி போன் எடுத்தாள்.

"அண்ணை, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ. உதைப் போனிலை கதைக்கேலாது."

நான் பெட்டியைப் பூட்டும்போது என் மனைவி ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள். எங்கள் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது, அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள்.

சனிக்கிழமை முழுக்க கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் குந்தியிருந்து வேடிக்கை பார்த்தேன். வருகிற ஒவ்வொருவரும் "குட் மார்னிங், வஸ்" என்றார்கள். வசந்தி அங்கே வஸ் ஆகியிருந்தாள். அவளும் ஒவ்வொருவரிடமும் முழங்கால் ஒப்பரேஷன், பேரப்பிள்ளையின் சோதனை என்று ஏதாவது விசாரித்தாள். ஊருக்கே உன்னைத் தெரிந்திருக்கிறதே என்று பெருமையோடு சொன்னேன். என் பத்தி வீண்போகவில்லை என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி, அதையும் ஒப்புக்கொள்கிறேன். வசந்தி சிரித்துவிட்டு அடுத்தவருக்குப் பாண் எடுத்துக் கொடுத்தாள்.

இடையிடையே முதுகில் பையும் காலில் சேற்றுச் சப்பாத்துமாக நடைப் பயணிகள் வந்தார்கள். வசந்தி அவர்களுக்கு வரைபடம் விற்றாள், வழியும் சொன்னாள். பாலத்தைக் கடந்து இடது பக்கம், இரண்டாவது கேற், செம்மறி நிற்கிற வயல், அதற்கப்பால் பழைய மாவு ஆலை, சுற்றி வர ஒரு மணித்தியாலம், அருமையான இடம்... தேவாரம் பாடுகிற மாதிரி ஒரே மூச்சில் சொன்னாள்.

அவர்கள் போனதும், அப்படி அருமையான இடமா என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? நான் ஒருநாளும் போகேல்லை."

கடையிலிருந்து ஆற்றுக்கு ஐந்து நிமிட நடை. ஏழு வருஷம். நான் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

நம்மவர்களின் கடைகளை உங்களுக்குத் தெரியும்தானே? பூட்டினால் சனம் வேறு கடைக்குப் பழகிவிடும் என்ற பயம். அங்கே அடுத்த கடைக்குக் காரில் கால் மணித்தியாலம் ஓடவேண்டும், யார் பழகப் போகிறார்கள்? ஆனாலும் பயம் பயம்தான். மச்சானின் செத்தவீட்டுக்கு நான்கு நாள் பூட்டினாளாம். அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம்கூட இல்லை.

ஞாயிறு பகல் இரண்டு மணிக்கு நான் பிடிவாதம் பிடித்தேன். நாலு மணிக்குத் திறப்போம், மன்னிக்கவும் என்று மட்டையில் எழுதிக் கதவில் ஒட்டினாள். ஒட்டியதை மூன்று தரம் வாசித்தாள். கடையின் பச்சை ஏப்ரனைக் கழற்றிவிட்டு ஒரு சிவப்புக் கோட்டைப் போட்டாள். பலெர்மோவில் வாங்கிய கோட், மடிப்புக் கலையாமல் இருந்தது.

வானம் சாம்பல் நிறம். மழையென்றும் சொல்லமுடியாத, பனியென்றும் சொல்லமுடியாத ஒரு தூறல். பாலத்துக்குக் கீழே ஆறு மண் நிறத்தில் கரைமுட்ட ஓடியது. கலண்டர்ப் படத்தை எடுத்தவர் கோடையில் வந்திருக்கவேண்டும்.

பாலத்தைக் கடந்து இடது பக்கம் திரும்பினோம். இருபது அடியில் வேலி. வேலியில் ஒரு பலகை. கரை இடிந்துவிட்டது, பாதை மூடப்பட்டுள்ளது, வலது பக்கத்தால் போகவும் என்று எழுதியிருந்தது. பலகையில் விரல் மொத்தத்துக்குப் பாசி. நேற்று முந்தாநாள் அடித்த பலகை இல்லை அது.

வசந்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நேற்றும் ரெண்டு பேரை இந்தப் பக்கம்தான் அனுப்பினனான்" என்றாள்.

எத்தனை வருஷம், எத்தனை பேர்! ஒருவராவது திரும்பி வந்து, வஸ், நீ சொல்லும் வழி பிழை என்று சொல்லவில்லை. வந்து பார்த்துவிட்டு, மறுபக்கத்தால் நடந்துவிட்டு, போகும்போது அவளிடம் தாங்க்யூ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இங்கே பலெர்மோவில், கபோ சந்தையில் யாருக்காவது பிழையான வழி சொல்லிப் பாருங்கள். அரை மணியில் திரும்பி வந்து உங்கள் பரம்பரையையே இழுத்துப் பேசுவான். அடுத்த நாள் அவனோடு சேர்ந்து கோப்பி குடிப்பீர்கள். மரியாதை நல்லதுதான்... ஆனால் ஆளை இப்படித் தனியாக விட்டுவிடுகிறதே.

வலது பக்கத்தால் நடந்தோம். ஒரு கேற். அதைத் திறந்தால் யாரோ ஒருவருடைய வயல். ஆர் வீட்டுக் காணியோ தெரியாது என்று வசந்தி தயங்கினாள். நானும் தயங்கினேன். கொஸ்தூரா பொலிஸ் கந்தோரில் விசாவுக்கு நின்று நின்று, கதவைக் கண்டால் யாரிடமாவது அனுமதி கேட்கிற பழக்கம் நமக்கு வந்துவிட்டது. அம்புக்குறி போட்டிருந்ததால் துணிந்து உள்ளே போனோம். செம்மறிகள் எங்களைப் பார்த்தன. என் பலெர்மோச் சப்பாத்து சேற்றில் புதைந்தது. பழைய மாவு ஆலை என்பது அரைச் சுவரும் ஒரு பற்றையுமாக நின்றது. இவ்வளவுதானா என்கிற மாதிரி வசந்தி என்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் எதிரே நாயோடு ஒரு பெண்மணி வந்தார். எனக்கே அடையாளம் தெரிந்தது, முதல்நாள் காலை கடையில் பார்த்தவர். தினமும் ஏழேகால் மணிக்குப் பத்திரிகையும் பாலும் வாங்குகிறவர். வசந்தி முழங்கால் ஒப்பரேஷனைப் பற்றி விசாரித்தது இவரிடம்தான். வசந்தியின் முகம் மலர்ந்தது. கை பாதிவரை எழும்பியது.

அந்த அம்மா, முன்பின் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கிற அளவான சிரிப்பைச் சிரித்து, குட் ஆஃப்டர்நூன் என்றார். நாய் மட்டும் வாலை ஆட்டியபடி ஓடிவந்து வசந்தியின் கையை மோந்து நக்கியது. மன்னியுங்கள், இவன் யாரைக் கண்டாலும் இப்படித்தான் என்று சொல்லி, நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

வசந்தி கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கண் பார்வை குறைவாக இருக்கும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பொய். நானும் இதைச் செய்தவன்தான். மொண்டெல்லோ கடற்கரையில் ஒரு கோடையில், காற்சட்டையோடு ஒருவர் ஓடிவந்து என் தோளில் தட்டினார். யார் நீங்கள் என்று கேட்டேன். பன்னிரண்டு வருஷமாக எனக்கு மீன் வெட்டித் தருகிற மனிதர்! கத்தியும் ஐஸும் பக்கத்தில் இல்லாததால் எனக்கு ஆளையே தெரியவில்லை. நாம் மனிதர்களை அவர்கள் நிற்கிற இடத்தோடு சேர்த்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம். இடத்தை விட்டு அவர்கள் நகர்ந்தால் அந்நியர்தான்.

ஆற்றோரம் ஒரு வாங்கு இருந்தது. ஈரத்தைத் துடைத்துவிட்டு இருந்தோம். பிறகு அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணை, நான் அங்கை வந்திடட்டோ? மணித்தியாலக் கணக்குக்கு எண்டாலும் வீடு துடைக்கிறன். அங்கை றோட்டிலை நாலு பேர் சண்டை பிடிச்செண்டாலும் என்னோடை கதைப்பினம்."

எங்கள் வீட்டு அறை ஞாபகம் வந்தது. மனைவி சொன்னதும் ஞாபகம் வந்தது. ஆனால், சத்தியமாகச் சொல்கிறேன், அவற்றுக்கெல்லாம் முன்னால் வந்து நின்றது கோயில் வாசல்தான். எல்லாரையும் போகச் சொல்லி எழுதினாரே, அவருடைய தங்கச்சியே திரும்பி வந்துவிட்டாளாம் என்று நாலு பேர் சிரிப்பது காதில் கேட்டது. அவள் வந்தால் என் பத்தி பொய். அவள் அங்கேயே இருந்தால் நான் சொன்னது சரி. ஒரு பெண்ணின் பத்து வருஷத்தை நான் இப்படித்தான் எடை போட்டேன்.

"யோசிச்சுச் செய் பிள்ளை. மகளும் இந்த நாட்டிலைதானே" என்றேன்.

மகளைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. சும்மா அந்தப் பிள்ளையின் பெயரில் ஒளிந்துகொண்டேன்.

வசந்தி என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தாள். நாலு மணியாகுது, போவம் என்றாள்.

கடை வாசலில் மூன்று பேர் நின்றார்கள். அவள் கோட்டைக் கழற்றி ஏப்ரனைக் கட்டி, அவர்களை அனுப்பி முடிக்கவும் அந்த நாய்க்கார அம்மா உள்ளே வந்தார். கடை பூட்டியிருந்ததே வஸ், நான் பயந்தே போனேன், சுகமாக இருக்கிறாயா என்று கேட்டார். பொய்க் கரிசனை இல்லை, முகத்தில் உண்மையான பதற்றம். அண்ணன் வந்திருக்கிறார், அதுதான் கொஞ்ச நேரம் பூட்டினேன் என்றாள் வசந்தி. அந்த அம்மா என்னைப் பார்த்து மகிழ்ந்துபோனார். அண்ணனை ஒருநாள் ஆற்றுப் பக்கம் கூட்டிக்கொண்டு போ, அவ்வளவு அழகு என்றார்.

ஓம், ஒருநாள் போகத்தான் வேண்டும் என்று வசந்தி இங்கிலிஷில் சொன்னாள். சொல்லிவிட்டுப் பால் போத்தலைப் பையில் வைத்துக் கொடுத்தாள்.

அவர் போனதும் எனக்குக் கோபம் வந்தது. வசந்திக்கு வரவில்லை.

"அவ கெட்ட மனுசி இல்லை அண்ணை. இவர் செத்த அண்டைக்கு வாசல்லை முதல் பூ வைச்சதும் அவதான். அவவுக்கு நான் கடை. கடை எழும்பி ஆத்தங்கரையிலை நடந்து வருமெண்டு ஆர் நினைக்கிறது?"

திங்கட்கிழமை காலை பத்திரிகைக் கட்டுகளைப் பிரித்து அடுக்கிவிட்டு, பத்திரத்தைக் கவுண்டரில் விரித்தாள். பேனையைக் கையில் எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நான் ஒரு பத்திரிகையை எடுத்துத் தலைப்பு வாசிக்கத் தொடங்கினேன். பேனை கீறும் சத்தம் கேட்டது. நடுவில் ஒரு கிழவர் வந்து தபால்தலை கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு மிச்சப் பக்கங்களிலும் ஒப்பம் வைத்தாள்.

பலெர்மோவில் மனைவி கதவைத் திறந்து, எனக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தாள். வசந்தி குத்தகைக்கு ஒப்பம் வைத்துவிட்டாள் என்றேன்.

"நீங்கள் அவவை வரச்சொல்லிக் கேட்டனீங்களோ?"

ஊருக்கெல்லாம் போங்கள் போங்கள் என்று எழுதத் தெரிந்த எனக்கு, கூடப்பிறந்தவளைப் பார்த்து வா என்று சொல்ல வாய் வரவில்லை.