அப்பாவும் சித்தப்பாவும் கட்சி மாறிய சாயங்காலம்

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் முடிந்த சில நாட்களில் சித்தப்பா காஞ்சிபுரம் வந்து சேர்ந்தார். அவர் ஓட்டுப் போட்ட கட்சி அங்கே தோற்றிருந்தது. அந்தத் தோல்விக்கு எங்கள் அப்பாதான் காரணம் என்பது போல, ஆட்டோவிலிருந்து பெட்டியை இறக்குவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அந்த நாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தவை மிகக் குறைவு: அங்கே குளிரும், சாக்லேட் நன்றாக இருக்கும், நாம் தூங்கும்போது அவர்கள் விழித்திருப்பார்கள். ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் அதற்கு யார் பணம் கட்டுவது என்ற கேள்வியில் ஒரு நாடே இரண்டாகப் பிரிந்து நிற்கும் என்பதைச் சித்தப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அடுத்த நாளே எங்கள் வீடும் இரண்டாகப் பிரிந்தது.

சித்தப்பாவின் வாதம் இது: அவரவர் உடம்பு அவரவர் பொறுப்பு, அரசாங்கம் வைத்தியத்தில் கை வைத்தால் எல்லாம் கெட்டுப்போகும். அப்பாவின் வாதம்: வைத்தியம் என்பது தெருக்குழாய்த் தண்ணீர் மாதிரி, அதை அரசாங்கம்தான் கொடுக்க வேண்டும். இதில் நான் அப்பா பக்கம். வாதம் புரிந்ததால் அல்ல, அப்பா என்பதால். சித்தப்பா சாக்லேட்டைக் காட்டி என்னைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தார். நான் சாக்லேட்டை வாங்கிக்கொண்டேன், கட்சி மட்டும் மாறவில்லை.

வாதம் நடந்த இடம் தறி. எங்கள் வீட்டில் ஒரு குழித்தறி இருந்தது. காஞ்சிபுரம் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் தனித்தனி நாடாவால் நெய்து, வரிசைக்கு வரிசை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போக வேண்டும். கோர்வை என்பார்கள். அதற்கு இரண்டு பேர் வேண்டும். நெய்கிறவர் குழியில் காலை விட்டு உட்கார்ந்து உடலுக்கான நாடாவை ஓட்டுவார். பக்கத்தில் உட்காருகிறவர் கரைக்கான நாடாவை ஓட்டுவார். வழக்கமாக அந்தப் பக்கத்து இடம் அம்மாவுடையது. சித்தப்பா சிறு வயதில் அப்பாவுக்குக் கரை போட்டவர் என்பதால், வந்த மறுநாளே அங்கே போய் உட்கார்ந்துகொண்டார். "அண்ணி கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார். அம்மா அந்த ஓய்வு முழுவதையும் சித்தப்பாவுக்குச் சமைப்பதில் கழித்தாள்.

தறியில் எங்கள் அப்பாவுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு சாண் நெய்து முடிக்கும்வரை கரை போடுகிறவர் எழுந்திருக்கக் கூடாது. ஒவ்வொருவர் கைக்கும் ஒரு இழுப்பு இருக்கிறது, நடுவில் கை மாறினால் கரையில் தெரிந்துவிடும் என்பார். அதனால் சண்டை எவ்வளவு முற்றினாலும் இருவரில் ஒருவரும் கோபித்துக்கொண்டு எழுந்து போக முடியவில்லை. மழைக்காலம் வேறு. குழியில் ஈரம், தெருவில் சேறு. அவர்களுக்கும் வெளியே போக இடமில்லை, எங்களுக்கும் இல்லை.

"என் டாக்ஸ்ல ஏன்ணா இன்னொருத்தன் மாத்திரை சாப்புடணும்? எல்லாத்தையும் கவர்மெண்டே குடுத்தா எவன் ஒழைப்பான்?"

"ஜொரத்துல கெடக்குறவன் கிட்ட நீ ஒழைச்சியாடான்னு கேக்குற ஊரு ஒரு ஊரா? இங்க வந்து பாரு, நம்ப பெரிய ஆஸ்பத்திரில தங்கமா பாக்குறாங்க. ஒரு பைசா வாங்குறதில்ல."

"காசு குடுத்தாத்தான்ணா ஒழுங்கா பாப்பாங்க. சும்மா பாக்குறவனுக்கு என்னா அக்கறை?"

"அப்ப உங்க அண்ணி உனுக்கு சும்மாதானே சோறு போடுது. அக்கறை இல்லாமயா போடுது?"

அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வரும். "என்னை எதுக்கு இழுக்கிறீங்க? தங்கமா பாக்குற அந்த ஆஸ்பத்திரிக்கு நீங்க கடைசியா எப்ப போனீங்க? லேசா தும்மல் வந்தா தெருமுனை டாக்டரு கிட்டதானே ஓடுறீங்க?"

அப்பா நாடாவைக் கொஞ்சம் வேகமாக ஓட்டுவார். சித்தப்பா சிரிப்பார்.

முதலில் எல்லாருக்கும் இது வேடிக்கையாக இருந்தது. எதிர்வீட்டுக்காரர்கூட வாசல்படியில் வந்து நின்று கேட்டுவிட்டுப் போவார். போகப்போக அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். நான் வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விட்டேன். அங்கேயும் கேட்டது. அதே கேள்வி, அதே பதில், காலையில் ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை. இருவரும் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் எதிராளி இப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறார் என்பது போலச் சொன்னார்கள். பெரியவர்கள் ஏன் களைத்துப்போக மாட்டேன் என்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அம்மா களைத்துத்தான் இருந்தாள். ஆனால் அம்மா எப்போதுமே அப்படி இருப்பதால் நான் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு கோர்வை தவற ஆரம்பித்தது. அப்பா உடல் நாடாவை ஓட்டி முடித்துக் காத்திருப்பார். கரை நாடா வந்து கோத்திருக்காது. கவனிக்காமல் அப்படியே மேலே நெய்துவிட்டால், வெளிச்சத்தில் பிடிக்கும்போது கரைக்கும் உடலுக்கும் நடுவே சின்னக் கீறல் போல ஒளி தெரியும். அதைப் பிரித்துவிட்டுத் திரும்பவும் நெய்ய வேண்டும்.

"கை எங்கடா போச்சு?"

"யோசிச்சிக்கினு இருந்தேண்ணா."

"பதில் இல்லன்னா உனுக்குக் கையும் ஓட மாட்டேங்குது." அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நானும் சிரித்தேன். நாங்கள் ஜெயித்துக்கொண்டிருந்தோம்.

சித்தப்பாவின் கவனம் சிதறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அப்பா என்னை அவர் பக்கத்தில் உட்கார வைத்தார். கை நின்றால் முதுகில் தட்ட வேண்டும், அதுதான் வேலை. தட்டும்போது ஒன்றைக் கவனித்தேன். அவர் கை வாதத்தில் தோற்கும்போது நிற்கவில்லை. நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதும் நின்றது, யாருமே பேசாதபோதும் நின்றது. அப்போது அவர் வாயைத் திறந்து மூச்சு விட்டார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. மழைக் குளிரில் ஒருவருக்கு ஏன் வேர்க்கிறது என்று யோசித்தேன். அமெரிக்காக்காரர்களுக்கு இதெல்லாம் குளிரே இல்லை போலிருக்கிறது என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

அமாவாசையன்று எங்கள் ஊரில் தறி ஓடாது. கார்த்திகை அமாவாசையன்று மத்தியானம் அப்பா சாப்பிட்டுப் படுத்துவிட்டார். அம்மாவும் சித்தப்பாவும் நானும் சாயங்காலம் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போனோம். ஆயிரங்கால் மண்டபம் தாண்டி உள் பிராகாரத்தைச் சுற்றும்போது சித்தப்பா பேசுவதை நிறுத்தினார். அதுவே அதிசயம். பிறகு ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

அம்மா பதறவில்லை. அவருக்கு எதிரே போய் உட்கார்ந்தாள்.

"எவ்ளோ நாளா தம்பி இது?"

"ஒண்ணுமில்ல அண்ணி. கேஸ் ட்ரபிளு."

"கேஸுக்கு இப்டியா வேர்க்கும்? எங்க அப்பாவும் கேஸுன்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு."

சித்தப்பா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். வேலை போய்விட்டது, வேலையோடு சேர்ந்து இன்ஷூரன்ஸும் போய்விட்டது. நெஞ்சில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். அங்கே ஆபரேஷன் செய்துகொள்ளக் கட்டுப்படியாகாது. இங்கே செய்துகொள்ளலாம் என்றுதான் வந்தார். வந்த நாளிலிருந்து சொல்ல வாய் வரவில்லை.

"வந்து எறங்குன ஒடனே நானே அந்த அரசியல ஆரம்பிச்சிட்டேன் அண்ணி. அப்புறம் எப்டி சொல்றது?"

"அவரு உங்க அண்ணன்தானே?"

"அதான் அண்ணி. பாத்தியா, நான் சொல்லலியான்னு கேப்பாரு. அத கேக்க எனக்குத் தெம்பில்ல. நீங்களும் சொல்லாதீங்க."

அம்மா அவருக்குக் கை கொடுத்து எழுப்பினாள். பக்கத்தில் நின்ற எனக்குப் புரிந்தது, சித்தப்பாவுக்குக் கேஸ் ட்ரபிள் இருக்கிறது, வேலை போயிருக்கிறது என்ற இரண்டுதான். வேலை போவதை நான் குடை தொலைந்துபோவது போல நினைத்தேன். அங்கே போய்த் தேடினால் கிடைத்துவிடும்.

மறுநாள் காலையில் தறி ஓடியது. சித்தப்பா வழக்கம் போல ஆரம்பித்தார். அவரவர் உடம்பு அவரவர் பொறுப்பு என்றார். நான் அப்பாவின் பதிலுக்காக நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பதில் எனக்கே மனப்பாடம்.

அப்பா நாடாவை ஓட்டிவிட்டு, "நீ சொல்றதும் சரிதான்டா" என்றார்.

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது. சித்தப்பாவும் அப்படித்தான் பார்த்தார்.

"என்னாண்ணா சொன்ன?"

"உம்மேலயும் நாயம் இருக்குதுன்னேன். எல்லாத்தையும் அரசாங்கமே செய்ய முடியுமா?"

சித்தப்பா கரை நாடாவைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து நின்றார். அந்தத் தறியில் பாதிச் சாணில் ஒருவர் எழுந்து நான் பார்த்தது அன்றுதான்.

"அண்ணி சொல்லிட்டாங்களா?"

"உக்காரு. கரை கெட்டுடும்."

"கெட்டா கெடட்டும். பொறந்ததுலேர்ந்து நீ எங்கிட்ட எதையாவது ஒத்துக்கினு இருக்கியா? இன்னிக்கி மட்டும் என்னா? இப்பவே எனக்குப் பால் ஊத்திடாதண்ணா."

அப்பா குழியிலிருந்து காலை எடுக்காமல் அவரை அண்ணாந்து பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. அப்பா விட்டுக்கொடுத்ததற்கு. இத்தனை நாள் நானும் சேர்ந்து காப்பாற்றிய கட்சி அது.

"சரி, உக்காரு" என்றார் அப்பா கடைசியில். "நீ சொன்னது சுத்தத் தப்பு. போதுமா?"

சித்தப்பா உட்காரவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டார். அப்பா மெதுவாகக் கேட்டார், "எங்க காட்டலாம்?"

"நம்ப பெரிய ஆஸ்பத்திரிலயே காட்டலாம்ணா. நீதானே தங்கமா பாக்குறாங்கன்ன."

"அது ஊருக்கு சொன்னது. உன்னைக் கொண்டுபோயி நான் வரிசைல நிக்க வெப்பனா? மெட்ராஸ்ல பெரிய ப்ரைவேட்டா பாத்துடலாம்."

"ப்ரைவேட்டா? உனுக்குத் தெரியாதுண்ணா, நான் அத பாத்துட்டு வந்தவன். உள்ள போனா உன் தறியையும் சேத்து எழுதிக் குடுத்துட்டுதான் வரணும்."

"காசு குடுத்தாத்தான்டா ஒழுங்கா பாப்பாங்க."

"ஏன், இங்க இருக்குறவன் டாக்டர் இல்லியா? ஏழை எல்லாம் அங்கதானே பொழைச்சி வர்றான்?"

நான் அப்பாவைப் பார்த்தேன், சித்தப்பாவைப் பார்த்தேன். நேற்றுவரை கேட்ட வாக்கியங்களேதான். சொல்கிற வாய்தான் மாறியிருந்தது. குரல் ஏறியது. எதிர்வீட்டுக்காரர் பல நாள் கழித்துத் தலையை நீட்டினார். அரசாங்கத்தின் மேல் சித்தப்பாவுக்கு இத்தனை பாசம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அப்பாவோ ஊரில் அரசாங்கம் என்று ஒன்றே இல்லாதது போலப் பேசிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரம்வரை அந்தச் சண்டை ஓடியது. அம்மா தட்டில் காபி டம்ளர்களோடு வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"நாளைக்கி காலைல நான் கூட்டிக்கினு போறேன். மொதல்ல பெரிய ஆஸ்பத்திரி. அங்க டாக்டரு எங்க போவச் சொல்றாரோ அங்க. உங்க ரெண்டு பேருல யாரும் வரவேணாம்."

இருவரும் ஆளுக்கொரு டம்ளரை எடுத்துக்கொண்டார்கள்.

"சரி, தம்பி மட்டும் வரட்டும்" என்றாள் அம்மா. "நெஞ்சு வலி அவருக்குத்தானே."

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சித்தப்பாவைச் சோதித்துவிட்டு உடனே சென்னைக்கு அனுப்பினார். ஆபரேஷன் முடிந்து, பொங்கலுக்கு எங்களோடு இருந்துவிட்டு, அவர் திரும்பிப்போய் வேறு வேலை தேடிக்கொண்டார். அதன் பிறகு அங்கே எத்தனையோ தேர்தல் வந்துவிட்டது. இன்றும் தொலைபேசியில் அதே பேச்சுதான், அவரவர் பழைய கட்சியில். எனக்கு இப்போது இரண்டு பக்கமும் புரிகிறது. அதனால் இன்னும் சீக்கிரமாகக் களைத்துப்போகிறேன்.

அன்று சாயங்காலம் ஆண்கள் இருவரும் காபியோடு வாசலுக்குப் போன பிறகு, அம்மா வந்து சித்தப்பா விட்ட இடத்தில் உட்கார்ந்தாள். கெட்டுப்போன வரிசைகளை ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எந்தக் கட்சியில் இருப்பது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

"அம்மா, ரெண்டு பேரும் ஏன்மா மாத்திப் பேசுறாங்க?"

அம்மா இழையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பயம், வேற என்னா" என்றாள்.

எதற்குப் பயம் என்று நான் கேட்கவில்லை. வாதத்தில் தோற்றுவிடுவோமோ என்றுதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அவர்கள் இருவர் மேலும் கோபமாக எழுந்து வீட்டுப்பாடம் எழுதப் போனேன்.