மோசல் மலையில் டபிள் ஓடிய நாள்

ஜேர்மனியில் உலகக் கிண்ணக் கால்பந்து நடந்த கோடைகாலம் அது. வீதியில் போகிற கார்களின் ஜன்னல்களிலெல்லாம் கொடி பறந்துகொண்டிருந்தது. நாங்கள் அப்போது வுப்பர்டாலில் இருந்தோம். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் உதவியாளாக வேலை செய்தேன். அங்கே தலைமைச் சமையல்காரியாக இருந்தவர் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்த ஜேர்மன் பெண்மணி. நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு, குரலும் அதற்கேற்றபடி. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பார். வேலையிடத்தில் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். ஆனால் வீட்டில் அவரைப் பற்றிக் கதைக்கும்போது எனக்கு வாயில் வருவது அக்கா என்றுதான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நாங்கள் பேசிக்கொண்டது ஜேர்மன் மொழியில். அது என் காதில் எந்தத் தமிழாக விழுந்ததோ அந்தத் தமிழிலேயே சொல்கிறேன்.

அக்காவின் தங்கச்சிக்குக் கல்யாணம் வந்தது. ஐம்பது வயதில் முதல் கல்யாணம். மோசல் நதிக்கரையில் அவர்கள் பிறந்த கிராமத்தில், சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு. தாய் தகப்பன் உயிரோடு இல்லை. தங்கச்சி அக்காவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: தான் தேவாலயத்துக்குள் நடந்து வரும்போது அக்காதான் வாசிக்க வேண்டும், வேறு யாரும் வேண்டாம். இதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாணப் பெண்ணே அவர்தான் என்று நினைக்கத் தோன்றும்.

என்னையும் வரச் சொன்னார். ரயிலில் போய், கடைசித் தூரத்தைச் சைக்கிளில் போவது அவருடைய வழக்கம். ஊருக்கு எப்போது போனாலும் அப்படித்தானாம்.

“நீர் சைக்கிள் ஓடுவீரோ?”

“நானோ? எங்கடை ஊரிலை சண்டையாலை பெற்றோல் இல்லாத காலத்திலை சைக்கிளாலைதான் சீவிச்சனாங்கள். முன்னுக்கு ஒராள், பின்னுக்கு ஒராள் டபிள் ஏத்திக்கொண்டு ஓடினனான்.”

“அப்ப மலையாலை போவம். ஆத்தோரமாப் போனா சுத்து. மலையாலை ஏறி இறங்கினா ஊர் கிட்ட.”

“ஓம், அதுக்கென்ன,” என்றேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை. ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. ரோட்டில் ஒரு மதகு கொஞ்சம் உயர்ந்திருந்தால் அதுதான் எங்களுக்கு ஏற்றம், அதைத் தாண்டினால் அதுதான் இறக்கம். வுப்பர்டால் முழுக்க மேடும் பள்ளமும் என்பதால் வந்த நாளிலிருந்து நான் பஸ்ஸைத் தவிர வேறெதையும் நம்பியதில்லை.

என் கணவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. “இஞ்சரும், பஸ்ஸாலை இறங்கி வீட்டுக்கு ஏறி வரவே உமக்கு மூச்சு வாங்குது,” என்றார். “நீங்கள் பேசாமல் பிள்ளையளைப் பாத்துக்கொண்டு இருங்கோ,” என்று அவர் வாயை அடைத்தேன். கல்யாண வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா? விடியவே எழும்பி மட்டன் ரோல்ஸ் பொரித்து ஒரு பெரிய டப்பாவில் அடுக்கினேன். பட்டுச் சேலையையும் மடித்து அதே பையில் வைத்தேன். அக்கா தன்னுடைய பழைய சைக்கிளை எனக்குத் தந்தார். அதில் பின்னால் உறுதியான கரியர் இருந்தது. பையை அதில் கட்டினேன்.

கொப்ளென்ஸில் ரயில் மாறி, மோசல் கரையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கினோம். ஆற்றோரமாகப் போன முதல் பகுதி சொர்க்கம்தான். ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் மலைச்சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம், மட்டமான தார் ரோட்டு. நான் கையை விட்டுக்கூட ஓடிக் காட்டினேன். அக்கா ஏசினார்.

பிறகு ரோட்டு மலைப்பக்கம் திரும்பியது. தோட்டக்காரர்களின் டிராக்டர் மட்டும் போகிற ஒடுங்கின பாதை. கொஞ்ச நேரத்திலேயே எனக்கு நெஞ்சு அடைக்கத் தொடங்கியது. ஹாண்டிலில் கியர் இருந்தது தெரியும். ஆனால் இரவல் சாமானில் தேவையில்லாமல் கை வைக்கக் கூடாது என்று நான் அதைத் தொடவே இல்லை. ஊரில் எங்கள் சைக்கிள்களுக்கு ஏது கியர்? அக்கா மேலே போய், என்னைக் காணாமல் திரும்பி வந்தார். பார்த்தார். என் கைப்பிடியில் இருந்த வளையத்தைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார். “இப்ப மிதியும்.”

மிதித்தேன். பெடல் வெறுமனே சுற்றுவது போல லேசாகப் போனது. செயின்தான் கழன்றுவிட்டது என்று பயந்து குதித்து இறங்கிவிட்டேன். அக்கா ரோட்டோரச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு ஆற்றின் அக்கரைக்கே கேட்டிருக்கும். எனக்கும் சிரிப்பு வந்தது, ரோசமும் வந்தது. கியர் தெரிந்த பிறகும் பாதி ஏற்றம் தள்ளிக்கொண்டுதான் நடந்தேன். என்னால் நேரம் போய்க்கொண்டிருந்தது. அக்கா அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஆனால் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

உச்சிக்குக் கொஞ்சம் கீழேதான் அது நடந்தது. போன நேரத்தைப் பிடிக்கவென்று அக்கா பெடலில் எழும்பி நின்று மிதித்தார். டக் என்று ஒரு சத்தம். இம்முறை உண்மையாகவே செயின் அறுந்தது, அவருடைய சைக்கிளில். அவர் அப்படியே தாரில் விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கினேன். கைகளுக்கு ஒன்றும் இல்லை. வலது முழங்கால் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. மடக்க முடியவில்லை.

“நீங்கள் என்ரை சைக்கிளை எடுத்துக்கொண்டு போங்கோ, நான் நடந்து வாறன்,” என்றேன். ஏறிப் பார்த்தார். அந்தக் காலால் பெடலை ஒரு சுற்றுக்கூடச் சுற்ற முடியவில்லை. இருவருடைய கைத்தொலைபேசியிலும் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. ரோட்டில் ஈ காக்காய் இல்லை. கல்யாணத்துக்குப் போகாதவர்களெல்லாம் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்திருப்பார்கள்.

அக்காவைத் தோளில் பிடித்து உச்சிக்குக் கூட்டிவந்தேன். கீழே கிராமம் தெரிந்தது. தேவாலயக் கோபுரம், அதற்கு முன்னால் சின்னச் சின்னதாக ஆட்கள். அக்கா அதைப் பார்த்ததும் அழுதுவிட்டார். கொதிக்கிற சூப் கையில் கொட்டியபோதுகூடக் கலங்காத மனுஷி.

“அவள் வாசல்லை நிண்டு பாத்துக்கொண்டு நிப்பாள். நான் வராமல் உள்ளுக்கு வரமாட்டாள்.”

நான் வாய் விட்டிராவிட்டால் ஆற்றோரமாகவே வந்திருப்போம், இந்நேரம் அவர் ஓர்கனுக்கு முன்னால் இருந்திருப்பார். கரியரில் கட்டியிருந்த பையை அவிழ்த்தேன். அக்காவின் சைக்கிளோடு சேர்த்துத் திராட்சைக் கொடிகளுக்குள் ஒளித்து வைத்தேன். “ஏறுங்கோ,” என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் திடுக்கிட்டார். வெறும் ரோட்டில்கூடச் சிவப்பு விளக்குக்கு நிற்பவர் அவர். “பெரிய ஆக்களை ஏத்தக் கூடாது. சட்டப்படி பிழை,” என்றார்.

“சட்டம் இப்ப கால்பந்து பாக்குது. ஏறுங்கோ.”

அவர் காலை அகட்டி இருக்கப் பார்த்தார், முழங்கால் விடவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் இருப்பது போல ஒரு பக்கமாக இருக்கச் சொன்னேன். அப்படி இருந்தால் விழுந்துவிடுவேன் என்றார். என் இடுப்பைச் சுற்றிப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். கரியர் ஒரு முனகல் முனகியது. சைக்கிள் ஒருமுறை ஆடியது. அந்த ஆட்டத்தை என் கைகள் மறக்கவில்லை. நிமிர்த்திக்கொண்டேன்.

பாரம் எனக்குப் பழக்கம், இறக்கம் பழக்கமில்லை. சைக்கிள் உருளத் தொடங்கிச் சில கணங்களிலேயே காதில் காற்று இரைந்தது. இப்படி ஒரு வேகத்தில் நான் வாழ்நாளில் போனதில்லை. கண் முன்னால் ரோட்டு கொண்டை ஊசி போல மடிந்தது. நான் வளைவின் நடுவில் வைத்துப் பிரேக்கை இறுக்கினேன். அக்கா பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்தார். சுவரின் கருங்கற்கள் என் முழங்கையை உரசிக்கொண்டு போயின. எப்படியோ நின்றோம்.

உண்மையைச் சொன்னேன். “எனக்கு இறங்கத் தெரியாது அக்கா.” அவசரத்தில் அக்கா என்ற சொல் தமிழிலேயே வந்துவிட்டது.

அவர் என் தோளைத் தட்டினார். “எனக்குத் தெரியும். நான் சொல்லுறன், நீர் செய்யும். எனக்குப் பின்னாலை இருக்கத் தெரியாது, அதை நீர் சொல்லும்.”

அதற்குப் பிறகு நாங்கள் இறங்கிய இறக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். அவர் பின்னாலிருந்து சமையலறைக் குரலில் கத்துவார்: “பின் பிரேக்! இப்ப விடும்! வளைவுக்கு முன்னமே பிடியும், வளைவுக்குள்ளை பிடிக்காதேயும்!” நான் முன்னாலிருந்து கத்துவேன்: “ஆடாதேங்கோ! நான் சாயிற பக்கமே சாயுங்கோ!” நடுவில் ஒரு இடத்தில் ரப்பர் கருகிய மணம் வந்தது. நிற்கச் சொன்னார். சைக்கிளில் குடிக்க வைத்திருந்த தண்ணீரைச் சக்கர வளையத்தில் ஊற்றினேன், தோசைக்கல்லில் விழுந்தது போல இரைந்தது. ஆறும் வரை நிற்க வைத்தார். நான் அவசரப்பட்டேன். அவர் அவசரப்படவில்லை. அவர்தான் போய்ச் சேர வேண்டியவர், ஆனாலும் அந்த இடத்தில் அவர் சொன்னதுதான் சரி. மற்ற வளைவுகளில் நாங்கள் இருவரும் ஒரே உடம்பு போலச் சாய்ந்து திரும்பினோம். பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே இறங்கினேன், அக்காவும் என் முதுகில் முகத்தை வைத்துச் சிரித்தது எனக்குத் தெரிந்தது.

மணி அடித்துக்கொண்டிருக்கும்போது தேவாலய முற்றத்துக்குள் நுழைந்தோம். கோட்டும் தொப்பியுமாக நின்ற சனம் விலகி வழிவிட்டது. நானோ வியர்வையும் தூசியுமாக, காற்சட்டையின் ஒரு காலைச் சப்பாத்துக்குள் செருகியபடி. வெளிர் நீல உடுப்பில் வாசலில் நின்ற கல்யாணப் பெண், கரியரில் ஒரு பக்கமாக இருந்த தமக்கையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகையா சிரிப்பா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

ஓர்கன் மேல்மாடத்தில் இருந்தது. சுருள் படி. அக்காவைப் பின்னாலிருந்து தள்ளித் தள்ளி ஏற்றினேன். வீங்கின காலை இருக்கிற நீள வாங்கின் மேல் நீட்டிவிட்டு, மற்றக் காலால் ஓர்கனின் மிதிகட்டைகளை மிதித்தபடி இரண்டு கைகளாலும் வாசிக்கத் தொடங்கினார். என்னைக் கீழே போக விடவில்லை, பக்கத்திலேயே இருத்திக்கொண்டார். அந்தச் சத்தம் எழும்பியபோது இருந்த பலகையே அதிர்ந்தது. கீழே வாசலைத் தாண்டி வந்த தங்கச்சி பாதி வழியில் நின்று, எல்லோருக்கும் முன்னால் அண்ணாந்து எங்கள் பக்கம் பார்த்தார். எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்தது. யாரோ வீட்டுக் கல்யாணம். ஆனாலும் வந்தது.

கல்யாணம் முடிந்த பிறகு அவர்களுடைய தம்பி வான் கொண்டுபோய்ப் பையையும் சைக்கிளையும் எடுத்துவந்தார். அக்காவின் முழங்காலுக்கு டாக்டர் கட்டுப் போட்டார். நல்லவேளையாக எலும்பில் பிசகு இல்லை. ரோல்ஸ் டப்பா வைத்த கொஞ்ச நேரத்தில் காலியானது. உறைப்பில் கண் கலங்கியபடியே எல்லோரும் இன்னொன்று எடுத்தார்கள்.

அதுவரை இந்த நாட்டில் நான் உதவி கேட்கிற ஆளாகவே இருந்தேன். டாக்டரிடம் போக, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போக, வந்த கடிதத்தை வாசிக்க, எதற்கும் யாராவது ஒருவர் வேண்டும், எல்லாவற்றுக்கும் நான் நன்றி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அன்றைக்குத்தான் முதல் தடவையாக இந்த நாட்டுக்காரி ஒருத்தி தன் முழுப் பாரத்தையும் என்மேல் போட்டு, இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டு, என்னை நம்பி வந்தாள்; இது எனக்கும் ஊர்தான் என்று நான் நம்பத் தொடங்கியது அந்தப் பாரத்தைச் சுமந்த பிறகுதான்.