புகைப்பெட்டிச் சிற்பி

போர் முடிந்த அடுத்த வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்துக்கு வந்தேன். மூன்றாம் வருடத்தில், சீசா என்ற பகுதியில் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றின் படிக்கட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் நான் கூட்டுறவுக் கடையில் எழுதுவினைஞர். மரத்தோடு எனக்கிருந்த உறவு பென்சிலோடு முடிந்திருந்தது.

கீழ்வீட்டுக்காரரை எல்லோரும் ‘அவ்வொக்காத்தோ’, அதாவது வக்கீல் ஐயா, என்று கூப்பிடுவார்கள். அவர் சட்டப் படிப்பைப் பாதியில் விட்டவர் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிதானமாக நடக்கிற ஒருவரை அந்த ஊரில் வேறெப்படிக் கூப்பிடுவது? மருத்துவர் சிகரெட்டை விடச் சொன்னதால், மின்சாரத்தில் ஆவி விடும் கருவி ஒன்றை அவர் வாங்கியிருந்தார். ஒருநாள் காலை அதைச் சுவரில் தட்டியபடி நின்றார். நான் துடைப்பத்தைச் சாத்திவிட்டு அதை வாங்கிக் கழற்றினேன். உள்ளே கம்பிச் சுருளுக்குள் இருந்த பஞ்சு கருகியிருந்தது. புதுப் பஞ்சைத் திரித்துச் செருகிக் கொடுத்தேன். ஆவி வந்தது.

“உனக்கு இந்த வேலை தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியும்,” என்றேன். வேலை தெரியுமா என்று கேட்டால் தெரியாது என்று சொன்ன எங்கள் ஆள் ஒருவரையும் நான் பலெர்மோவில் சந்தித்ததில்லை.

அடுத்த மாதம் அவருடைய கார் தெருவுக்குப் போனது. கார் நின்ற அறை பட்டறையானது. மரத்தில் ஆவிக் கருவி செய்து விற்பதென்று அவர் தீர்மானித்திருந்தார். எங்கள் ஆட்கள் அதற்குப் புகைப்பெட்டி என்று பெயர் வைத்தார்கள். சியாகுல்லித் தோட்டங்களில் தறித்துப் போட்ட பழைய மாண்டரின் ஆரஞ்சு மரங்களின் கட்டைகளை வாங்கி வந்தோம். நான் அவற்றை உள்ளங்கை அளவுக்கு அறுத்து, பற்றரிக்கு ஒரு குழி, சின்ன மின்பலகைக்கு ஒரு குழி, பக்கத்தில் சுவிட்சுக்கு ஒரு துளை என்று குடைந்தேன். வயர்களை ஈயம் உருக்கி ஒட்டினேன். பிறகு வழுவழுப்பாகத் தேய்த்து எண்ணெய் பூசினேன்.

முதலில் செய்த பெட்டிகள் ஈரம் காயாத மரம். வாங்கியவர்களின் சட்டைப் பைகளிலேயே வெடித்துப் பிளந்து திரும்பி வந்தன. அவ்வொக்காத்தோ கலங்கவில்லை. “மரம் உயிரோடிருக்கிறது, சினியோரா. அது மூச்சு விடுகிறது,” என்று பிளந்த பெட்டியோடு வந்த ஒரு பெண்ணுக்கு விளக்கம் சொன்னார். அந்த மூச்சை நான் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தேன். சுருள் மாற்றுவது, கசிந்த திரவத்தைத் துடைப்பது, ஊறிப்போய் இறுகிய சுவிட்சை இளக்குவது எல்லாம் என் வேலை. பெட்டிகளுக்குப் பெயர் வைப்பது அவர் வேலை. ஒன்றுக்கு ‘அந்தி’, ஒன்றுக்கு ‘தென்காற்று’, ஒன்றுக்கு ‘விதவை’. பெயர் யோசிப்பது கடினமாக இருந்திருக்க வேண்டும். நடுநடுவே வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வருவார்.

இப்படியிருக்க, மிலானிலிருந்து ஒரு சஞ்சிகைக்காரப் பெண் படம் பிடிக்க வந்தார். இது தன் பாட்டனாரின் பாட்டனார் காலத்துக் கலை என்று அவ்வொக்காத்தோ அவரிடம் சொன்னார். பாட்டனாரின் பாட்டனார் பற்றரிக்கு என்ன செய்தார் என்று அவர் கேட்கவில்லை. கைகளைப் படமெடுக்க வேண்டும் என்றார். அவ்வொக்காத்தோவின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பூப்போன்ற கைகள். பிறகு என் கைகளைப் பார்த்தார். பெருவிரலில் ஈயம் சுட்ட தழும்பு, நகக்கண்ணில் எண்ணெய். “இவருடைய கைகளைக் கொஞ்சம் பாவிக்கலாமா?” என்று கேட்டார். என்னிடம் அல்ல, அவரிடம்.

சஞ்சிகையில் ஒரு முழுப் பக்கத்துக்கு என் கைகள் வந்தன. கீழே, ‘சிசிலி வெயிலில் கறுத்த கைவினைஞனின் கைகள்’ என்று எழுதியிருந்தது.

என் மனைவி அதை நெடுநேரம் பார்த்தாள். “சிசிலி வெயிலோ? இது உங்கடை அப்பா அம்மா தந்த நிறமெல்லோ. அதையும் இவங்களுக்குக் குடுத்திட்டு வந்து நிக்கிறியள்.”

சில கிழமைகள் கழித்து, பகேரியாவிலிருந்து ஒரு பாதிரியார் ரயில் ஏறி வந்தார். எங்களிடம் வாங்கிய ‘தென்காற்று’ அவரிடம் இருந்தது, சுவிட்ச் இறுகிவிட்டதாம். நான் அதை வாங்கும்போது, சட்டைப் பைக்குள்ளிருந்து சஞ்சிகைப் பக்கத்தை எடுத்து என் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இது உங்கள் கைதானே?” என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் அவ்வொக்காத்தோ குறுக்கிட்டார். “ஆமாம், பாதர். இவன் சாதாரண ஆளல்ல. யாழ்ப்பாணத்துக் கோயில் சிற்பிகளின் வம்சம். பதினான்கு தலைமுறை.”

யாரைச் சொல்கிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். பட்டறையில் வேறு யாரும் இல்லை.

பாதிரியாரின் முகம் மலர்ந்தது. அவருடைய கோவிலில் மரத்தால் செய்த புனிதர் சிலை ஒன்று இருந்தது. போன வருட ஊர்வலத்தில் அதன் வலக்கை ஒரு பல்கனியில் இடித்து, ஆசீர்வதிக்கும் இரண்டு விரல்களும் உடைந்துவிட்டன. திருவிழாவுக்கு முன் அவற்றைச் செய்து தர முடியுமா என்று கேட்டார்.

“சந்தோஷமாகச் செய்வான்,” என்றார் அவ்வொக்காத்தோ.

பாதிரியார் போனதும், “நான் சிற்பி இல்லை,” என்றேன்.

“நீ மரம் குடைகிறாய்தானே?”

“பெட்டி குடைகிறேன். விரல் குடைவதில்லை.”

“நானும் வக்கீல் இல்லை. அதற்காக இந்தக் கட்டிடத்தில் யாராவது என்னிடம் ஆலோசனை கேட்காமல் இருக்கிறார்களா?”

எனக்கு வேறொரு விஷயம் நினைவுக்கு வந்தது. என் பெர்மெஸ்ஸோ, அதாவது நாட்டில் தங்குவதற்கான அனுமதி, முடியப்போகிறது. அதைப் புதுப்பிக்க வேலை ஒப்பந்தம் வேண்டும். ஒரு வருடமாக அவர் அதைத் ‘திங்கட்கிழமை’ தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பதினான்கு தலைமுறைச் சிற்பி ஒப்பந்தம் இல்லாமல் வேலை செய்கிறான் என்று பாதருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்?” என்று மெதுவாகக் கேட்டேன்.

வியாழக்கிழமையே ஒப்பந்தம் வந்தது. தொழில்: மரக் கைவினைஞர். என் பெயரில் இரண்டு எழுத்துப் பிழை. அதைத் திருத்துவித்த பிறகுதான் உளியைக் கையில் எடுத்தேன்.

முதல் விரல் வெண்டிக்காய் மாதிரி வந்தது. இரண்டாவது கரட். என் சுட்டுவிரலையே பார்த்துப் பார்த்துச் செதுக்கினேன். உடுப்புத் தோய்க்கும்போது மனைவி கூப்பிட்டாள்.

“என்னப்பா, காற்சட்டைப் பையுக்கை ஆரின்ரை விரல் கிடக்குது?”

“புனிதரின்ரை.”

“அவருக்கு எத்தினை விரல்?”

“ரெண்டுதான் வேணும். மற்றதெல்லாம் பழகினது.”

ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “இது பரவாயில்லை. நகத்தை மட்டும் கொஞ்சம் வெட்டிவிடுங்கோ.” பிறகு யோசித்துவிட்டு, “எந்தச் சாமியெண்டாலும் சாமி வேலை. முடியுமட்டும் மச்சம் சாப்பிடக்கூடாது,” என்றாள்.

கத்தோலிக்கப் புனிதருக்காக ஒன்பது நாள் மரக்கறி சாப்பிட்டேன். மத்தியானச் சாப்பாட்டில் மீனைத் தள்ளிவைத்ததைக் கண்ட அவ்வொக்காத்தோ, அதை வம்சத்துக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டு, பட்டறைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். எனக்கே சில சமயம் சந்தேகம் வந்தது.

பகேரியாவில் கோவிலின் பின்னறையில் வைத்து விரல்களை ஒட்டி, வர்ணம் பூசினேன். பாதிரியார் நான்கடி பின்னால் போய் நின்று பார்த்தார். நடுவிரல் நன்றாக இருந்தது. சுட்டுவிரல் நுனியில் லேசாக வளைந்திருந்தது. பழுது பார்த்த பெட்டிகளின் சுவிட்சுகளை நாள் முழுதும் அழுத்தி அழுத்தி என் விரல் எடுத்த வளைவு அது.

“முன்பு ஆசீர்வதித்தார்,” என்றார் பாதிரியார். “இப்போது எதையோ அழுத்துகிறார்.”

“கழற்றித் திருப்பிச் செய்யலாம், பாதர்.”

அவர் தன் பெட்டியை எடுத்து, சுவிட்சை அழுத்தி, ஒருமுறை ஆழமாக இழுத்தார். தன் விரலைப் பார்த்தார். புனிதரின் விரலைப் பார்த்தார். “வேண்டாம். திருவிழா ஞாயிற்றுக்கிழமை,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் ரயிலில் போனோம். புனிதர் தோள்களில் வந்தார். சனங்கள் சிலுவை போட்டார்கள், சிலர் அழுதார்கள். அவ்வொக்காத்தோ நல்ல சப்பாத்தோடு முன்வரிசையில் நின்று பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். தலைமுறைகள் பதினாறாகியிருந்தன. நான் கழுத்தை நீட்டி விரலைத் தேடினேன். கைகூப்பி நின்ற மனைவி, உதடு அசையாமல், “அங்கை பாக்காதேங்கோ. நீங்கள் பாத்தால் எல்லாரும் பாப்பினம்,” என்றாள்.

ஒருவரும் பார்க்கவில்லை.

பெர்மெஸ்ஸோ கிடைத்தது. அதன்பின் மலிவான உலோகக் கருவிகள் தெருவுக்குத் தெரு வந்தன. மூச்சு விடும் மரத்தை யாரும் தேடவில்லை. பட்டறையைப் பூட்டிய அவ்வொக்காத்தோ ஒலிவ் எண்ணெய்ச் சவர்க்காரம் செய்யப்போவதாகச் சொன்னார். பெயர்கள் தயாராக இருந்தன.

பாதிரியார் சொல்லி, பகேரியாவில் பழைய மேசை, கதிரை திருத்துகிறவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். “கோயில் சிற்பியாமே?” என்றார்.

“இல்லை. புகைக்கிற மரப்பெட்டி செய்தவன்,” என்றேன். இந்த முறை உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ரயிலிலேயே முடிவெடுத்திருந்தேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தார். பெரிய சிற்பிகள் இப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்று பாதிரியார் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாராம். கால் உடைந்த ஆறு கதிரைகளை வரிசையாகக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.